மலையக மக்கள் வரலாறு – 17: பணம் யார் கை வழியாக வந்தது?

தோட்டத்துக்குள் ஒரு பாதை மழையில் அறுந்து போனால் யாரிடம் போய்ச் சொல்வது? கிராமத்தில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. முன்பு கிராம சபை இருந்தது, இப்போது பிரதேச சபை இருக்கிறது. அவர் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். லயம் என்ற தோட்ட வரிசை வீட்டில் இருப்பவர், தோட்டத்தை நடத்தும் துரையின் ஆபீசுக்குத்தான் போக வேண்டியிருந்தது. துரைக்கு மனமிருந்து, அந்த வருடத் தோட்டக் கணக்கில் இடமும் இருந்தால் பாதை சீராகும். இல்லாவிட்டால் கொழுந்துக் கூடையோடு சேற்றிலேயே இறங்க வேண்டியதுதான்.

1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களையும், அந்த வருடங்களில் தோட்டங்களைப் பிடித்த பட்டினியையும் சென்ற இதழில் பார்த்தோம். அரசாங்கத்தின் பணமும் வெளிநாடுகளின் பணமும் கம்பெனிகளின் பணமும் எப்படி மலையேறி வந்தன, யார் கையைத் தாண்டி வந்தன என்பது இந்த இதழின் செய்தி. அதைச் சொல்ல, அரசாங்கம் தோட்டப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்கத் தொடங்கிய 1977இல் தொடங்க முடியாது. நாற்பது வருடம் பின்னே போக வேண்டும்.

1931இல் டொனமூர் யாப்பு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை தந்தது. தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கும் அது கிடைத்தது. ஆனால் உள்ளூராட்சியின் வாசல் திறக்கவில்லை. 1937இல் கிராமச் சபைகளின் சட்டத்தைத் திருத்த வந்தபோது, தோட்டங்களில் வாழும் இந்தியத் தொழிலாளருக்கு அங்கே வாக்கு இல்லை என்றார்கள். இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. அதன் பிறகு சட்டத்தின் வாசகத்தை மாற்றி, இனப் பெயர் சொல்லாமல் தோட்டத் தொழிலாளர் எல்லோரையும் விலக்கினார்கள். யாரை மனத்தில் வைத்து எழுதியது என்பதில் அன்று எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. தோட்டங்கள் கிராமச் சபைக்கு வரி கட்டுவதில்லை, ஆகவே சபையின் பணத்தில் அங்கே வேலை செய்யத் தேவையில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

அந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை. 1950களில் இந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்து வந்தது. தேயிலை மீது விதித்த ஏற்றுமதித் தீர்வையும் பிற வரிகளும் திறைசேரிக்குப் போயின. நாடெங்கும் இலவசக் கல்விக்கும் இலவச வைத்தியத்துக்கும் அரிசி மானியத்துக்கும் பணம் அங்கிருந்துதான் போனது. வரி கட்டாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் விரல் நுனியில்தான் அந்த வரி பிறந்தது. இந்தத் தொடரில் உதவி, நிதியுதவி, நன்கொடை என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் வாசகர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அதன் பிறகு பொதுநிதி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. பிரஜை அல்லாதவருக்கு அரசாங்கம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். தோட்டத்து மக்கள்தானே, தோட்டமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். கொழும்பில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் பதில் மாறவில்லை.

பள்ளிக்கூடத்தின் கதையில் இது தெளிவாகத் தெரியும்.

1907இல் வந்த சட்டம், தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் மேல் வைத்தது. கட்டடம் தோட்டத்தின் பொறுப்பு, அரசாங்கம் மானியம் கொடுக்கும். அரசும் தனியாரும் சேர்ந்த ஒரு கூட்டு அது. பலன் என்ன? பல தோட்டங்களில் அது ஒரே அறை, ஒரே வாத்தியார், காலையில் இரண்டு மூன்று மணி நேரம் என்ற அளவில் நின்றது. பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை, மலையில் வேலை இருந்தது. தேயிலைச் செடிக்குப் புல் வெட்டவும் கொழுந்து எடுக்கவும் கைகள் தேவைப்பட்ட ஒரு தொழிலில், படித்துவிட்டு வெளியே போகும் பிள்ளையை உருவாக்கும் வேலையை அந்தத் தொழிலை நடத்துபவரிடமே கொடுத்திருந்தார்கள். 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடு முழுக்க வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. மேலும் முப்பது வருடங்களுக்கு மேல் அப்படியே இருந்தன.

அந்த இருண்ட வருடங்களிலும் ஒரு சிறு வழி திறந்திருந்தது. 1940களின் பிற்பகுதியில் இந்திய அரசின் ஆதரவில் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், லயத்துப் பிள்ளைகளில் கெட்டிக்காரரைப் பார்த்துப் புலமைப்பரிசில் கொடுத்தது. மலையகத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள் சிலரின் வாழ்க்கையில் அந்தச் சிறு தொகை பெரிய வேலை செய்தது. இன்றும் அந்த நிதியம் இயங்குகிறது.

1977 தொடங்கி அரசாங்கம் தோட்டப் பள்ளிக்கூடங்களைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. கதவு திறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அரசாங்கத்தின் கைக்கு வந்தது பெரும்பாலும் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைகள்தான். ஆசிரியர்களும் இல்லை. தமிழ் படிப்பிக்கச் சாதாரண தரம் தேறிய மலையக இளைஞர்களே குறைவு. தேறியவர்களில் பலருக்குப் பிரஜாவுரிமை இல்லை. பிரஜாவுரிமை இல்லாமல் அரசாங்க உத்தியோகமும் இல்லை. 1964இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியா போகப் பெயர் கொடுத்த குடும்பங்கள் கப்பலுக்குக் காத்திருந்தன, படித்த பிள்ளைகளும் அவற்றில் இருந்தார்கள். ஒரு சட்டம் பூட்டிய பூட்டை இன்னொரு சட்டம் திறக்கும் வரை பணத்தால் மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. 1986, 1988 சட்டங்கள் பிரஜாவுரிமைச் சிக்கலைப் பெருமளவு தளர்த்திய பிறகுதான் ஆசிரியர் நியமனங்கள் வேகம் பிடித்தன.

அந்த நேரத்தில் சுவீடன் வந்தது.

பதுளை மாவட்டத்தின் ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்தித் திட்டத்துக்குச் சுவீடனின் சர்வதேச அபிவிருத்தி நிறுவனமான சீடா பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. கிராமங்களுக்காக வந்த திட்டம் அது. தோட்டப் பள்ளிக்கூடங்களையும் அதில் சேர்த்தார்கள். அந்த அனுபவத்தின் மேல் 1980களின் நடுப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்றே தனித் திட்டம் ஒன்று எழுந்து, நுவரெலியா முதலான மாவட்டங்களுக்கும் பரவியது. சுவீடன் பணம் கொடுத்தது, கல்வி அமைச்சு நடத்தியது, தோட்டம் நிலம் விட்டது, பெற்றோர் உடலுழைப்புக் கொடுத்தார்கள். புதிய கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது கட்டடங்களை எண்ணிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். என் கணக்கில் அதன் பெரிய பேறு பெற்றோரின் உழைப்பு. அதுவரை தோட்டத்து மனிதர் தோட்டத்தில் எதைக் கட்டினாலும் அது தோட்டத்துக்குச் சொந்தமாகப் போனது. இந்தச் சுவரைத் தாங்களே மண் சுமந்து, கல் சுமந்து தங்கள் பிள்ளைகளுக்காக எழுப்பினார்கள், அது துரையின் சொத்துப் பட்டியலில் ஏறவில்லை. பிரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, மாலையில் வந்து பள்ளிக்கூடத்துக்குக் கல் அடுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள்.

ஜேர்மனியின் பங்கு ஆசிரியர் உருவாக்கத்தில் இருந்தது. கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஜேர்மன் தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிறுவனத்தின் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்ற தேவைதான் அந்த உதவியை அங்கே கொண்டுவந்தது. அந்தக் கல்லூரியில் மலையக மாணவருக்கு எத்தனை இடம், மற்றவருக்கு எத்தனை இடம் என்பது நெடுநாள் சர்ச்சையாக இழுபட்டது. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லிப் பணம் வந்தாலும் அந்தப் பணத்தில் கட்டியதை நிர்வகிக்கும் மேசையில் அந்தச் சமூகம் உட்காராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பத்தனை ஒரு பாடம்.

*

இனி லயத்துக்கு வருவோம். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஒரு குடும்பம், சில வேளை இரண்டு குடும்பங்கள். தண்ணீருக்குப் பொதுப் பீலி. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் குழந்தை இறப்பு வீதம் நாட்டின் சராசரியைப் போல இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

தோட்டங்கள் ஜனவசம என்ற அரச நிறுவனத்திடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருந்த 1980களில் நோர்வேயும் நெதர்லாந்தும் சமூகநலத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்தன. மலசலகூடம், குடிநீர்க் குழாய், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா, தடுப்பூசி, குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சி என்று வேலை நடந்தது. பெரிய பெயர் இல்லாத வேலைகள். ஆனால் பிள்ளைகள் பிழைத்தார்கள், 1990களில் குழந்தை இறப்பில் தோட்டத்துக்கும் நாட்டுக்கும் இருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த இருநூறு வருட வரலாற்றில் எந்தப் பணம் நேராக உயிர் காத்தது என்று என்னைக் கேட்டால் அந்தக் கக்கூஸ்களையும் குழாய்களையும்தான் காட்டுவேன்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குப் போனது. நிலம் அரசாங்கத்துடையது, கம்பெனிக்கு 53 வருடக் குத்தகை. அந்தக் கணக்குப்படி 2045 வரை. லயங்களும், பிள்ளைக்காம்பராக்களும், டிஸ்பென்சரிகளும் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி அப்போது எழுந்தது. இலாபத்துக்காக வரும் கம்பெனி இவற்றைச் சுமக்க விரும்பாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு விடையாக அதே 1992இல் ஒரு நம்பிக்கை நிதியம் அமைந்தது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று இன்று அழைக்கப்படும், தோட்டங்களில் ‘ட்ரஸ்ட்’ என்றாலே எல்லோருக்கும் விளங்கும் நிறுவனம் அதுதான். அரசாங்கம், கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் என்று மூன்று தரப்பும் அதில் உட்கார்ந்தன.

ட்ரஸ்ட்டின் வேலையைக் குறைத்துப் பேச மாட்டேன். பழைய பிள்ளைக்காம்பராவில் ஒரு கிழவி, ஒரு தொட்டில், ஒரு கஞ்சிப் பானை இருந்த இடத்தில், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களோடு சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் வந்தன. உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் வெவ்வேறு காலங்களில் கொடுத்த கடன்களின் ஒரு பகுதி அவ்வழியாக லயங்களை எட்டியது. தோட்டந்தோறும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. ஒரு தோட்டத்துத் தொழிலாளர்கள் தாங்களே தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிந்து, கணக்குப் புத்தகம் எழுதிய முதல் அமைப்பு பல இடங்களில் அந்தச் சங்கம்தான்.

ஆனால் வீட்டுக் கடன் விஷயத்தில் பெரிய அநீதி ஒன்று நடந்தது. 1990களிலும் அதற்குப் பின்னும் பல குடும்பங்கள் கடன் எடுத்து, சொந்தக் கையாலே வீடு கட்டின. தவணை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் வேலை குறைந்து சம்பளம் சுருங்கிய மாதங்களிலும் பிடிக்கப்பட்டது. கடனைக் கட்டி முடித்தார்கள். ஆனால் காணி உறுதி பலர் கைக்கு வரவில்லை. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது, வீடு தொழிலாளியுடையது, கடன் தொழிலாளியுடையது. உறுதி மட்டும் யாருடைய மேசையிலும் இல்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கி அடமானமாக ஏற்காது, அதை வைத்துப் பிள்ளைக்கு ஒரு கடை போட முடியாது. முத்தரப்பும் கூடிப் பேசிய அத்தனை வருடங்களில் இந்த ஒன்றை முடித்துக் கொடுத்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். நிலத்தை விடக் கம்பெனிகளுக்கு மனமில்லை, கேட்டு வாங்க அரசாங்கங்களுக்குத் துணிவில்லை. சந்தா வாங்கிய தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்குப் போராடிய அளவு இதற்குப் போராடவில்லை.

இந்திய வீட்டுத் திட்டம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. போருக்குப் பின் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும் போனது. 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2017 மே 12ஆம் தேதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலைக்கு வந்து, டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையைத் திறந்தார், நோர்வூட் மைதானத்தில் மேலும் 10,000 வீடுகள் தருவதாகச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்குத் தொலைவிலிருந்தும் மக்கள் பஸ் பிடித்து வந்தார்கள்.

வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம், 550 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவருக்கு அது என்ன என்பதை இலக்கத்தைப் பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம். கிராமத்தவருக்கு நிகராக 20 பேர்ச்சஸ் வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு, அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்றால், பாதைக்கு விட்டதுபோக இருபது குடும்பம் ஓர் ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கான ஏக்கர் வெறும் புல்லாகக் கிடக்கும் தோட்டங்களில் இதற்குமேல் கொடுக்க நிலமில்லை என்று சொல்வது நம்பும்படியாக இல்லை. ஆனாலும் இந்த வீடுகளில் ஒரு புதுமை இருந்தது. மண் சரியுமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொன்ன நிலத்தில் தனித் தனி வீடு, தெரு, தெருவுக்கு ஒரு பெயர். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி மீரியபெத்தையில் லயங்களோடு மக்களும் புதைந்ததை மறக்காதவர்களுக்கு அந்த முதல் நிபந்தனையின் பெறுமதி தெரியும்.

அறிவித்த 10,000 வீடுகளின் வேலை தொடங்க 2024 பெப்ரவரி ஆயிற்று. முதற் கட்டமாக 45 தோட்டங்களில் 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இடையில் ஏழு வருடங்கள் போய்விட்டன. கொரோனாவும், 2022இன் பொருளாதார வீழ்ச்சியும், ஏறிக்கொண்டே போன சீமெந்து விலையும் அதற்குக் காரணம். ஆட்சி மாறும்போதெல்லாம் பயனாளிப் பட்டியலும் மாறியது இன்னொரு காரணம். 2023இல் மலையக மக்களின் 200ஆவது ஆண்டை முன்னிட்டு இந்தியா 75 கோடி இந்திய ரூபாயைப் பல்துறைத் திட்டங்களுக்கு ஒதுக்கியது. அதே ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் நடந்த பாதையில் மக்கள் மீண்டும் நடந்தார்கள். அந்த நடையில் கேட்கப்பட்டது நன்கொடை அல்ல. நிலம், முகவரி, சம உரிமை.

*

இவ்வளவு பணமும் யாராவது ஒருவர் கை வழியாகவே வந்தது என்பதைக் கவனியுங்கள். துரையின் கை, தூதரகத்தின் கை, ட்ரஸ்ட்டின் கை, அமைச்சரின் கை. மக்கள் தெரிந்தெடுத்த சபையின் கை வழியாக வந்ததே இல்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டமும், கிராமச் சபைகளின் பழைய தடையை 33ஆம் பிரிவில் வேறு வடிவில் வைத்துக்கொண்டது. பிரஜாவுரிமை கிடைத்தது, சபைக்கு வாக்குப் போட முடிந்தது, உறுப்பினராகவும் தவிசாளராகவும் வர முடிந்தது. ஆனால் அந்தத் தவிசாளர் தன்னைத் தெரிந்தெடுத்த லயத்துக்குச் சபை நிதியில் ஒரு பாதை போட முடியாமல் நின்றார். அரசாங்கம் அமைத்த சபையில் இதைவிடக் கொடிய ஏற்பாடு ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மயில்வாகனம் திலகராஜா பாராளுமன்றத்தில் விடாமல் எழுப்பிய கோரிக்கை அது. பழனி திகாம்பரம் அமைச்சராக இருந்த காலத்தில், அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் நிறைவேறியது. 2018 பெப்ரவரித் தேர்தலுக்கு முன்பே, இரண்டு இலட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மூன்றாகவும், நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று மூன்றாகவும் பிரிந்திருந்தன. இரண்டு சபை ஆறானது. எண்பது வருடத்துக் கதவு அந்த ஒரே ஆண்டில் திறந்தது. 2018ஐ 1948க்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பத்திரிகைகளில் அது இரண்டு நாள் செய்தியோடு போய்விட்டது.

கதவு திறந்தும் நடை தொடங்கவில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் ஆயுள் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய் 2025 மே மாதம்தான் நடந்தது. இடையில் இரண்டு வருடங்களுக்கு மேல் சபைகளை அதிகாரிகள் நடத்தினார்கள். ஆறு புதிய சபைகளின் வருமானமும் சொற்பம். தோட்ட நிலத்துக்கு மதிப்பீட்டு வரி வருவதில்லை, கடை வாடகையும் அனுமதிப்பத்திரக் கட்டணமும் எவ்வளவுதான் வரும்? 2018இல் வந்தது அதிகாரம். அதற்கேற்ற நிதிப் பங்கு இன்னும் வரவில்லை. மத்திய அரசாங்கம் மாகாண சபை வழியாகக் கொடுக்கும் நிதியில் சனத்தொகைக்கும் பின்தங்கிய நிலைக்கும் ஏற்ற பங்கை மஸ்கெலியாவும் அக்கரப்பத்தனையும் கேட்டுப் பெற வேண்டும். இனி நடக்க வேண்டிய போராட்டம் அதுதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிரதேச சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது. உங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக் கடன் பிடித்த பழைய சம்பளத் துண்டுகள், கூட்டுறவுச் சங்கப் பற்றுச்சீட்டுகள், பள்ளிக்கூடக் கட்டட வேலைக்கு ஆள் வந்ததைக் குறித்த கொப்பிகள் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். காணி உறுதி கேட்டுப் போகும் நாளில் அவை சாட்சி சொல்லும்.